முதல் ஷாட் ஓகே

சத்தம் கொடுக்காம நான் இதுவரைக்கும் ஒருத்தனையும் அடிச்சதில்ல, தம்பி. இந்த ஆபீஸ்ல யாரை வேணா கேட்டுப் பாரு. தணிகாசலம் கோவக்காரன்னு சொல்வாங்க. வாய்க்கு வந்தபடி திட்டுவான்னு சொல்வாங்க. என் பொண்டாட்டி ரெண்டு தடவை கோச்சுக்கிட்டு அவங்கம்மா வீட்டுக்குப் போனதைக் கூட சொல்வானுங்க. ஆனா தணிகாசலம் திருட்டு அடி அடிச்சான்னு ஒருத்தன் சொல்லட்டும், இந்த மீசையை எடுத்துடறேன்.

உக்காரு, ஏன் நிக்கற. செகரெட்டரி வர மூணு மணி ஆகும். ஃபாரத்தை மடிக்காத, கசங்கினா அவருக்குப் புடிக்காது. குடு பாப்போம். பேச்சிமுத்து. தென்காசியா? வயசு முப்பத்தொண்ணு. கொஞ்சம் லேட்டுதான், பரவால்ல. ஜிம்ல மாஸ்டரா இருந்தேன்னு சொன்னல்ல, தோளைப் பாத்தாலே தெரியுது. சிலம்பத்துக்கு ஒரு சர்டிபிகேட், கராத்தேக்கு ஒரு சர்டிபிகேட். எல்லாம் சரி. கீழ பாத்தியா? சிபாரிசு செய்யும் உறுப்பினர் கையெழுத்து, ரெண்டு கோடு. ரெண்டும் காலியா இருக்கு. அது ரொம்பலன்னா மேல இருக்கிற அத்தனை சர்டிபிகேட்டும் வடை மடிக்கத்தான் ஆகும். சண்டைக்காரங்க சங்கம் தம்பி இது. கார்டு இல்லாம ஷூட்டிங்ல நீ ஒரு குத்து விட முடியாது, ஒரு குத்து வாங்கவும் முடியாது.

நான் கமிட்டியில இருக்கேன். ஒரு கோட்டுல என் கையெழுத்து விழுந்தா ரெண்டாவது தானா விழும். ஆனா நீ யாருன்னு எனக்குத் தெரியணும் இல்ல? நான் யாருன்னு உனக்கும் தெரியணும் இல்ல?

டேய், ரெண்டு டீ. இவருக்குச் சர்க்கரை போட்டு, எனக்கு இல்லாம. தம்பி, அவன்கிட்ட ஏதாவது கேக்கணும்னா இந்தப் பக்கமா வந்து கேளு. அவனுக்கு இடது கண்ணு இல்ல. அந்தப் பக்கம் யானை நின்னாலும் தெரியாது.

எங்க விட்டேன்? ஆங், கார்டு. கார்டு சும்மா வரல எனக்கு. இருபத்தாறு வருஷம் முன்னாடி அரக்கோணத்துல அரிசி மில்லுல மூட்டை தூக்கிட்டு இருந்தேன். மேஸ்திரி ஒருத்தன், என் அம்மாவை இழுத்துப் பேசிட்டான். கையில மூட்டை இழுக்கிற கொக்கி இருந்துச்சு. ‘இந்தா வாங்கிக்கோ’ன்னு சொன்னேன். சொல்லிட்டுத்தான் இழுத்தேன், அதைக் கவனி. காது பாதி தனியா வந்துடுச்சு. அவன் காதைத் தேடிட்டு இருக்கிறப்பவே நான் ஸ்டேஷனுக்கு ஓடி மெட்ராஸ் வண்டி ஏறிட்டேன்.

வடபழனியில ஒரு டீக்கடை. சினிமாவுல அடியாளா நிக்க ஆள் எடுக்கிறாங்கன்னு யாரோ சொன்னதை நம்பி அங்க நின்னுட்டு இருந்தேன். ஒருத்தன் வரிசையில முந்தினான், விட்டேன் ஒரு அறை. பல்லு ரத்தத்தோட வந்து பன் தட்டுல விழுந்துச்சு. எல்லாரும் ஒதுங்கிட்டாங்க. ஒருத்தன் மட்டும் கிட்ட வந்து என் கையைப் புடிச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்தான். ‘கை நல்ல கை. ஆனா நிஜமா அடிக்கறியே, இங்க அது ஒதவாதே’ன்னான். அவன்தான் சவரிமுத்து. காசிமேட்டுக்காரன். என்னை விட ரெண்டு வயசு பெரியவன், ஆனா வாடா போடாதான் எங்களுக்குள்ள. அவனுக்கும் அப்ப கார்டு கிடையாது. கார்டு இல்லாதவனை வச்சு ஒப்பேத்தற சின்னக் கம்பெனிங்க இருந்துச்சு, அதுல வேலை செஞ்சுட்டு இருந்தான்.

காலையில மீன் ஏலம் முடிஞ்சு கூட்டம் கலைஞ்சதும் மணல்ல என்னை நிக்க வைப்பான். எட்டு மாசம். அவன்தான் எனக்கு அடிக்கக் கத்துக் கொடுத்தான். அடிக்கன்னா, அடிக்காம இருக்க. உனக்குத் தெரியுமோ என்னவோ, சினிமா அடியில அடிக்கறவன் முக்கியமில்ல தம்பி. வாங்கறவன்தான் முக்கியம். என் கை அவன் முகத்துக்கு நாலு விரக்கடை முன்னால போகும். காமிரா என் முதுகுக்குப் பின்னால இருக்கும், அந்த நாலு விரக்கடை அதுக்குத் தெரியாது. வாங்கறவன் அதே நொடியில முகத்தை வெட்டித் திருப்பினா ஜனம் ‘ஐயோ’ங்கும். அரை நொடி முந்தினா சிரிக்கும். அதுக்குப் பேரு ரியாக்‌ஷன்.

சவரி ஒரு வழக்கம் வச்சிருந்தான். கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டு கை வரதைப் பாத்தா உடம்பு தானா பின்வாங்கும், பொய் தெரிஞ்சிடும்பான். அதனால அடிக்கறவன் கையை வீசறதுக்கு முன்னாடி மூக்கால ஒரு சத்தம் கொடுக்கணும். ‘ஹூம்’. அவ்வளவுதான், சத்தம் கேட்டதும் வாங்கறவன் கண்ணை மூடி முகத்தை வலது பக்கம் வெட்டணும். ‘சத்தம் கேட்டா கண்ணை மூடிக்க தணிகா, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்’பான். எட்டு மாசத்துல அவன் கை என் மேல ஒரு தடவை பட்டதில்ல. என் கை அவன் மேல பட்டிருக்கு. மூக்கு ரெண்டு தடவை ஒடஞ்சுது, உதடு எத்தனை தடவை கிழிஞ்சுதுன்னு கணக்கே இல்ல. ரத்தத்தைக் கடல் தண்ணியில கழுவிட்டு ‘மறுபடி வா’ம்பான். அவன் பொண்டாட்டி ரெஜினாதான் என்னைத் திட்டும். ‘இந்த ஆளு ஒரு நாளு உன்னைக் கொல்லப் போறான்யா’ன்னு. விளையாட்டுக்குத்தான் சொல்லும். சொல்லிட்டு எனக்கும் சேத்து மீன் கொழம்பு ஊத்தும்.

டீ வந்துடுச்சு, எடுத்துக்க. சூடு பாத்து.

முதல்ல சங்கத்துக்காரங்களை நான் எப்படிப் பாத்தேன்னு கேளு. வளசரவாக்கத்துல ஒரு கல்யாண மண்டபம். கார்டு இல்லாத எங்க எட்டு பேரை வச்சு ஒரு கம்பெனி சண்டை எடுத்துட்டு இருந்துச்சு. பகல் பன்னெண்டு மணி, சாப்பாட்டு பிரேக். வேன்ல வந்து இறங்கினாங்க. முன்னாடி பரந்தாமன் மாஸ்டர், அப்ப சங்கத்துல அவரு வச்சதுதான் சட்டம். வெள்ளை பேன்ட், வெள்ளைச் சட்டை. பின்னாடி இருபது பேர் கையில சைக்கிள் செயின், உருட்டுக் கட்டை. ‘கார்டைக் காட்டு’ன்னாரு. இல்லன்னோம். அப்புறம் என்ன? என் இலையிலேயே என் முகத்தை வச்சுத் தேச்சாங்க. சாம்பார் சூடா இருந்துச்சு, இன்னும் இந்தக் கன்னத்துல லேசா தழும்பு இருக்கு பாரு. கீழ போட்டு மிதிச்சாங்க. ஒருத்தன் என் கை விரலைப் பூட்ஸ் காலால நசுக்கினான், இந்தச் சுண்டு விரல் இன்னும் மடங்காது. எட்டு மாசமா நாலு விரக்கடை தள்ளி அடி வாங்கிட்டு இருந்தவனுக்கு, அன்னைக்கு நிஜ அடி. அம்மாடி. கண்ணை மூடுறதா திறக்கிறதான்னே தெரியல.

சவரி வந்து என் மேல படுத்துக்கிட்டான். அப்படியே, குப்புற. என் தலையைத் தன் நெஞ்சுக்கு அடியில வச்சுக்கிட்டான். கட்டை அவன் முதுகுல விழற சத்தம் எனக்கு உள்ளே கேட்டுச்சு. விலா மூணு போச்சு அவனுக்கு. அது சரி, அவன் பெரியவன், அவன்தானே என்னைக் கூட்டிட்டுப் போனான்.

ஆனா ஒண்ணு சொல்றேன். அவன் நெஞ்சுக்கு அடியில கிடந்தப்ப எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? பரந்தாமன் மாஸ்டர் செருப்பு தெரிஞ்சுது. வெள்ளைச் செருப்பு. அத்தனை ரத்தத்துல ஒரு பொட்டு அதுல படல. வாழ்ந்தா இப்படி வாழணும்டா, நிக்கறதுன்னா இந்தக் கூட்டத்துல நிக்கணும்டான்னு நினைச்சேன். சங்கம்னா என்னன்னு அன்னைக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது.

சவரி உடம்பு தேறின உடனே நான்தான் அவனை இழுத்துட்டு வந்தேன், இதே ஆபீஸுக்கு. ரெண்டு பேரும் ஃபாரம் கொடுத்தோம். செலக்‌ஷன் வச்சாங்க. ரெண்டு மாடியில இருந்து பெட்டுல குதிச்சோம், நெருப்பு வளையத்துல புகுந்தோம். கடைசியா ஜோடி சண்டை. கமிட்டி எல்லாம் நாற்காலி போட்டு உக்காந்திருக்கு. நான் ‘ஹூம்’, அவன் ரியாக்‌ஷன். நான் ‘ஹூம்’, அவன் பறந்து போய் விழறான். எழுந்து நின்னு கை தட்டினாங்க. பரந்தாமன் மாஸ்டர் கிட்ட வந்து ‘ஜோடின்னா இதுதான்டா ஜோடி. அடுத்த மாசம் ரெண்டு பேருக்கும் கையெழுத்துப் போடறேன்’னாரு. சவரி அன்னைக்கு அழுதான். ரோட்டுல நின்னு, போற வர்றவன் பாக்க, அழுதான். எனக்கு வெக்கமா போச்சு.

அடுத்த மாசம் ஸ்டிரைக் வந்துடுச்சு.

எதுக்கு ஸ்டிரைக்னு தெரியணும் உனக்கு, பரீட்சையில கேப்பாங்க. நம்ம ஆள் ஒருத்தன் பாலத்து மேல இருந்து குதிக்கிற ஷாட்ல பெட்டைத் தாண்டி விழுந்து தலை தெறிச்சுச் செத்துட்டான். கம்பெனி ஒரு மாலையோட முடிச்சுக்கிச்சு. இனிமே சண்டைக்காரனுக்கு அடிபட்டா ஆஸ்பத்திரிச் செலவு பூரா கம்பெனிதான் பாக்கணும், அது கையெழுத்தாகிற வரைக்கும் எவனும் வேலைக்குப் போகக்கூடாதுன்னு சங்கம் சொல்லிடுச்சு. நியாயமான ஸ்டிரைக் தம்பி. இன்னைக்கு உனக்குக் கால் ஒடஞ்சா ஒருத்தன் வந்து கட்டுப் போடறான்னா அது நாங்க பட்டினி கிடந்து வாங்கினது. ஃபாரம் கொடுத்தவனுக்கும் அதே கட்டுப்பாடுதான். மீறினவனுக்கு ஜென்மத்துக்கும் கார்டு கிடையாது.

முப்பது நாளு தாங்கினான் சவரி. முப்பத்தஞ்சு நாளு தாங்கினான். ரெஜினாவுக்கு வயித்துல கட்டி. உடனே அறுக்கணும்னுட்டாங்க. மணல்ல என் பக்கத்துல வந்து உக்காந்தான். ‘தணிகா, குன்றத்தூர் பக்கம் ஒரு எண்ணெய் குடோன்ல திருட்டுத்தனமா ஒரு சண்டை எடுக்கறாங்க. ரெண்டு நாள் வேலை. உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன்’னான். நான் போகாதன்னும் சொல்லல, போன்னும் சொல்லல. என் தோளைத் தட்டிட்டுப் போனான்.

மறுநாள் காலையில ஆபீஸ்ல பரந்தாமன் மாஸ்டர் என்னைப் பாத்து, ‘எங்கடா உன் ஜோடி?’ன்னு கேட்டாரு. சும்மாதான் கேட்டாரு. நான் சொல்லிட்டேன். எனக்குப் பொய் வராது தம்பி, அது என் பிறவிக் கோளாறு. ஏன் அப்படிப் பாக்கற? அவரு கேட்டாரு, நான் சொன்னேன். கேட்டதுக்குப் பதில் சொல்றது தப்பா?

அவரு என் ஃபாரத்தை மேஜையில விரிச்சு, பேனாவைத் திறந்து அதும் மேல வச்சாரு. ‘முப்பது பேரை அனுப்பி அடிக்கிறது எனக்குப் பெரிசில்ல. ஆனா உன் ஆளு அவன். நீயே முடிச்சிட்டு வா. வந்து இந்தப் பேனாவை நீயே எடுத்து என் கையில குடு’ன்னாரு. என்ன வார்த்தை! இன்னைக்கும் நினைச்சா புல்லரிக்குது.

சங்கத்து ஆளுங்களும் நானுமா வேன்ல போனோம், பகல் பதினோரு மணி வெயில். ஆளுக்கு ஒரு கம்பி, நியூஸ்பேப்பர் சுத்தினது. குடோன் கேட்டுல வாட்ச்மேன் என்னைத் தெரிஞ்சவன், பழைய கம்பெனி ஆளு. அதனால நான் மட்டும் முதல்ல உள்ள போறதுன்னும், நான் கேட்டைத் திறந்து விட்டதும் மத்தவங்க வரதுன்னும் பேச்சு. வாட்ச்மேன் என்னைப் பாத்ததும், ‘வாப்பா, உன் ஜோடி உள்ளதான் இருக்கான். வேற ஒருத்தனை வச்சுக்கிட்டு மாரடிக்கிறான்’னு சொல்லி விட்டுட்டான்.

உள்ள சாராயக் கடை மாதிரி செட் போட்டிருந்தாங்க. பெஞ்சு, பாட்டில், பீப்பாய். லைட்டெல்லாம் எரியுது. நடுவுல சவரி. எதிர்ல எவனோ ஒரு மாங்கா, கையில டம்மி கம்பி. டம்மின்னா ரப்பர்ல செஞ்சு இரும்பு நிறம் அடிச்சது, பாத்தா நிஜக் கம்பிதான். அந்த மாங்கா வீசறான், டைமிங் வரல. ஏழு டேக் போயிருச்சாம். டைரக்டர் தொப்பியைக் கழட்டி வீசறான். அந்தச் சமயத்துல சவரி என்னைப் பாத்தான்.

சிரிச்சான் தம்பி. முகம் பூரா சிரிச்சான். ‘சார், என் ஜோடி வந்துட்டான் சார்! இவன் கூட செஞ்சா ஒரே டேக் சார்!’ன்னு கத்தறான். நான் அவன் கூட வேலை செய்யத்தான் வந்திருக்கேன்னு நினைச்சுட்டான். டைரக்டரும் ‘யாரா இருந்தா என்ன, நிக்க வைய்யா’ன்னான். நான் நியூஸ்பேப்பரைப் பிரிச்சேன். சவரி கம்பியைப் பாத்தான். ‘டம்மி கையோடயே எடுத்துட்டு வந்துட்டியா, கில்லாடிடா நீ’ன்னான். கிட்ட வந்து மெதுவா, ‘ரெஜினாவுக்கு வியாழக்கிழமை ஆபரேஷன்டா’ன்னான். அப்புறம் மார்க்ல போய் நின்னான். கால் அகட்டி, கையைத் தொங்கப் போட்டு, எட்டு மாசமா மணல்ல நின்ன மாதிரியே நின்னான்.

லைட்ஸ்ங்கறான். காமிராங்கறான். நான் என்ன பண்ணியிருக்கணும், நீ சொல்லு? பின்னாடி இருந்து மண்டையில போட்டிருக்கலாம். அவன் டீ குடிச்சிட்டு இருக்கும்போது போட்டிருக்கலாம். எத்தனை பேர் அப்படித்தான் செய்வானுங்க. நான் செய்யல. முகத்துக்கு நேரா நின்னேன், கண்ணைப் பாத்தேன், சத்தம் கொடுத்தேன். முறைப்படி, ‘ஹூம்’னு, எப்பவும் கொடுக்கிற மாதிரி கொடுத்தேன்.

அவன் கண்ணை மூடினான். முகத்தை வலது பக்கம் வெட்டினான். என்ன டைமிங்! ஒரு மயிரிழை முந்தல, பிந்தல.

கம்பி இங்க இறங்குச்சு, இடது கன்னத்து எலும்புல. முத்தின தேங்காயைக் கல்லுல போட்ட மாதிரி ஒரு சத்தம். தாடை ஒரு பக்கம் போச்சு, முகம் ஒரு பக்கம் போச்சு. அப்பவும் பாரு, அவன் விழுந்த விழுகை! அப்படியே ஒரு சுத்து சுத்தி, பெஞ்சை இழுத்துக்கிட்டு, பாட்டில் அத்தனையும் நொறுங்க, பீப்பாய் மேல மோதி விழுந்தான். தொழில் ரத்தத்துல ஊறினவன் தம்பி. மண்டை பிளந்த நேரத்துலயும் காமிராவுக்கு முதுகைக் காட்டல அவன்.

‘கட்! ஓகே! முதல் ஷாட் ஓகே!’ன்னு டைரக்டர் துள்ளறான். எல்லாரும் கை தட்டறாங்க. லைட்மேன் மேல இருந்து விசில் அடிக்கிறான். அந்த மாங்கா கூட கை தட்டறான். நான் கம்பியோட நிக்கறேன். ஷூட்டிங்ல எனக்குன்னு விழுந்த முதல் கைதட்டல் அது. அப்புறம்தான் மேக்கப் போடற அம்மா கிட்ட போச்சு, ‘ரத்தம் எப்பய்யா வச்சீங்க?’ன்னு கேட்டுக்கிட்டே. தொட்டுப் பாத்துட்டு வச்சுது பாரு ஒரு கூச்சல். சவரி வாயைத் திறந்து திறந்து மூடறான், பல்லும் ரத்தமும் கொழகொழன்னு வருது. ஒரு கண்ணு கன்னத்துல இருக்கு. இன்னொரு கண்ணைத் திறந்து என்னைத் தேடறான்.

நான் போய் கேட்டைத் திறந்து விட்டேன். நம்மாளுங்க வந்து மிச்சத்தை உடைச்சாங்க. லைட்டு, செட்டு, டைரக்டர் கை, எல்லாம். அந்த மாங்காவைப் பீப்பாய்க்குள்ள போட்டு உருட்டினாங்க. பிலிம் டப்பாவை மட்டும் அஸிஸ்டென்ட் ஒருத்தன் எடுத்துக்கிட்டு சுவரேறிக் குதிச்சு ஓடிட்டான்.

சாயங்காலமே பேனாவை எடுத்து மாஸ்டர் கையில கொடுத்தேன்.

அப்புறம் போலீஸ் கேஸ் ஆச்சு. எனக்கு உள்ளூர உதறல்தான், இல்லன்னு சொல்லல. இன்ஸ்பெக்டர் ஆஸ்பத்திரிக்குப் போய் சவரிகிட்ட கேட்டாரு. தாடைக்குக் கம்பி போட்டிருந்ததால பேச முடியாது, பேப்பர்ல எழுதிக் காட்டினான். என்ன எழுதினான் தெரியுமா? ‘ஷூட்டிங்ல டைமிங் தப்பிடுச்சு. யார் மேலயும் தப்பு இல்ல.’ பாத்தியா? அவன் கையாலயே எழுதிக் கொடுத்தான், யார் மேலயும் தப்பு இல்லன்னு. அந்தப் பேப்பரை நான் ஜெராக்ஸ் எடுத்து வச்சிருக்கேன். டைமிங் தப்பலையே, டைமிங் சரியாத்தானே இருந்துச்சுன்னு எனக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம்.

ஃபிளாஸ்குல பால் எடுத்துட்டு நான் பாக்கப் போனேன். ரெஜினா ஃபிளாஸ்கைப் புடுங்கி, மூடியைத் திறந்து, பாலை என் கால்ல ஊத்துச்சு. நிதானமா, கடைசிச் சொட்டு வரைக்கும் ஊத்துச்சு. பொம்பள, புரியாது. நான் கோவப்படல. வியாழக்கிழமை ஆபரேஷனுக்கு அது போகவே இல்ல, அவன் பக்கத்துலயே உக்காந்துட்டு இருந்துடுச்சு. அடுத்த வருஷம் போய்ச் சேந்துடுச்சு. சங்கத்து சார்பா நானே போய் மாலை போட்டேன். பெரிய ரோஜா மாலை, ரெண்டு பேர் தூக்கற மாதிரி.

ஸ்டிரைக் ஜெயிச்சோம், நாப்பத்தோராவது நாள். கையெழுத்தாச்சு. இனிமே அடிபட்ட மெம்பருக்குக் கம்பெனிதான் பொறுப்பு. சவரிக்கும் கிடைக்காதான்னு நானே மாஸ்டரைக் கேட்டேன். கேக்கலன்னு நினைக்காத. ‘அவன் மெம்பர் இல்லையேடா’ன்னாரு. வாஸ்தவம்தானே. அவன் ஃபாரத்தை அவங்க அன்னைக்கே கிழிச்சுட்டாங்க. ரூல்னா எல்லாருக்கும் ரூல்.

படமும் வந்துச்சு. அந்த ஷாட்டை விடுவானா டைரக்டர், மாவுக்கட்டுப் போட்ட கையோட எடிட்டிங்ல உக்காந்து அதை வச்சான். பட்டாளம் ஏரியாவுல ஒரு தியேட்டர்ல பதினோரு தடவை பாத்தேன். நான் வீசறேன், அவன் விழறான், தியேட்டர் எழுந்து நிக்குது. ‘எவன்டா இந்த ஃபைட்டர், நிஜமாவே அடிச்ச மாதிரி இருக்கே’ன்னு பெரிய மாஸ்டருங்க தேடி வந்தாங்க என்னை. அந்த ஒரு ஷாட்தான் தம்பி எனக்கு வாழ்க்கை கொடுத்தது. இருநூத்திப் பதிமூணு படம். அதுக்கப்புறம் எத்தனையோ பேர் என்கிட்ட அடி வாங்கினான், ஒருத்தனும் சவரி மாதிரி விழல. எல்லாரும் கண்ணை இடுக்கிக்கிட்டே நிக்கறானுங்க. என் கூட ஜோடி போடணும்னாலே என்னவோ உள்ளுக்குள்ள இழுக்குது அவனுங்களுக்கு. ஏன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல.

நன்றி மறக்கலன்னு நீயே பாத்துக்க. கமிட்டிக்கு வந்த முதல் வருஷமே நான் பண்ண முதல் வேலை, அவனுக்கு இங்க வேலை போட்டுக் கொடுத்தது. டீ கொடுக்கறது, பெருக்கறது, ஃபாரத்தை எடுத்து அடுக்கறது. அதோ, உன் கிளாஸை வாங்கிட்டுப் போக நிக்கறானே, அவன்தான் சவரிமுத்து. ஒத்தைக் கண்ணு, கோணத் தாடை. பேச்சு சுத்தமா வராது, அதனால பேசறதே இல்ல. பதினேழு வருஷமா எனக்குச் சர்க்கரை இல்லாம டீ கொண்டு வந்து கொடுக்கறான். ஒரு நாள், ஒரே ஒரு நாள், ‘ஏன்டா’ன்னு கேட்டதில்ல என்னை. மனசுல ஒண்ணும் இல்லன்னுதானே அர்த்தம்? கோவம் இருந்தா கேட்டிருப்பான்ல?

இங்க பாரு, உனக்கு ஒரு வேடிக்கை காட்டறேன். அவன் அந்தப் பக்கம் திரும்பி நிக்கறான், என்னைப் பாக்கல. பாத்துக்க.

ஹூம்.

ஹா ஹா ஹா! பாத்தியா! பாத்தியா கழுத்தை எப்படி வெட்டினான்னு! இருபத்தாறு வருஷம் ஆச்சு, இன்னும் அதே டைமிங். கிளாஸை உடைச்சிட்டான் மடையன், போவட்டும். டேய், கையை வைக்காத, கிழிச்சுக்குவ. துடைப்பம் எடுத்துட்டு வா. நீ ஏன் தம்பி எழுந்துக்கற? அவன் பொறுக்குவான், அவன் வேலை அது. நீ எதுக்குக் குனிஞ்சு... சரி, எழுந்ததுதான் எழுந்த, அப்படியே நடுவுல வந்து நில்லு. உன் கையெழுத்துக்கு நான் ஒண்ணும் பேனா எடுத்துட்டு வரச் சொல்லல, ஆளை அடிக்கச் சொல்லல. ஒரே ஒரு ரியாக்‌ஷன் காட்டு, போதும். கால் அகட்டு. கையைத் தொங்கப் போடு. தோளை இறுக்காத. ஏன் வேர்க்குது உனக்கு? நாலு விரக்கடை தம்பி, பட மாட்டேன். சத்தம் கொடுப்பேன், கண்ணை மூடிக்க, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்.

மூடு.

மூடுன்னா மூடணும். அவனை ஏன் பாக்கற? என்னைப் பாரு.

என்னடா? என்ன சொன்ன இப்ப? எழுந்து நின்னு சொல்லு. கையில கண்ணாடித் துண்டை வச்சுக்கிட்டு என்ன முனகற? கண்ணை மூடாத தம்பின்னா? அவன்கிட்டயா சொன்ன? பதினேழு வருஷமா வாயைத் திறக்காதவன், இப்ப வெளியாள் முன்னாடி... தம்பி, ஃபாரத்தை எடுக்காத. நில்லு, இன்னும் கையெழுத்தே போடல, எங்க போற? நில்லுய்யா.

அவன் போகட்டும். நீ இங்க வாடா. கிட்ட வா, இந்தப் பக்கமா வா. நான் சத்தம் கொடுத்தேனா இல்லையா? கேட்டுல இருந்து ஓடி வந்தா அடிச்சேன்? முதுகுலயா அடிச்சேன்? சொல்லு சவரி. வாயைத் திறந்துட்டல்ல, சொல்லு. கொடுத்தேனா, இல்லையா?